ஊழியத்துக்குப் போகும் முன் கல்லூரியில் மூன்று வருடம்: நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம் பக்கத்துச் சபைகளில் ஒரு கேள்வி எழும். "பையன் ஊழியத்துக்குப் போகணும்ங்கான். நேரே பைபிள் காலேஜில் சேர்த்துவிடலாமா, இல்ல டிகிரி முடிக்கட்டுமா?" கேட்பது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும். என் பதில் எப்போதும் ஒன்றுதான். டிகிரி முடிக்கட்டும். அதுவும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் முடிக்கட்டும்.

காரணம் இதுதான். குருவானவர், அதாவது சபைப் போதகர் ஆனபின் முப்பது வருடம் போல அவன் ஒரு சேகரத்திலிருந்து (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) இன்னொரு சேகரத்துக்கு மாறிக்கொண்டே இருப்பான். அவன் போய் இறங்குகிற ஊர்களில் நம் கோயிலுக்கு வராதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். டீக்கடைக்காரர், வி.ஏ.ஓ., ஸ்டேஷன் ரைட்டர், அம்மன் கோயில் தர்மகர்த்தா, ஜமாஅத் தலைவர் என்று எல்லோரோடும் உட்கார்ந்து பேசத் தெரிந்திருக்க வேண்டும். இறையியல் கல்லூரியில் உடன் படிக்கிறவர்கள் எல்லோருமே ஊழியத்துக்கென்று வந்தவர்கள். அங்கே வேதம் படிக்கலாம், கிரேக்கம் படிக்கலாம். நம்பிக்கை வேறாக இருக்கிறவனோடு ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்து பழகுவது அங்கே கிடைக்காது. பாளையங்கோட்டையில் கிடைக்கும்.

பெரும்பாலும் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையின் வழக்கத்தை வைத்தே எழுதுகிறேன். மற்ற சபையினருக்கும் பாதி விஷயம் பொருந்தும்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சபைப் பின்னணி இல்லாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். பேராயர் தலைமையில் இருப்பது திருமண்டலம். அதற்குள் சேகரங்கள். ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் இருக்கும். சேகரத்துக்குக் குருவானவர் பொறுப்பு. நம் கிராமத்து வழக்கில் ஐயர் என்று சொல்வது அவரைத்தான். ஒவ்வொரு சிறு சபையிலும் தங்கியிருந்து ஞாயிறு ஆராதனை நடத்தி, வீடு வீடாகப் போய் வருகிறவர் சபை ஊழியர். பழைய ஆட்கள் உபதேசியார் என்பார்கள். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து கொடுக்க மட்டும் குருவானவர் வந்தாக வேண்டும்.

பழைய திருநெல்வேலித் திருமண்டலம் 2003இல் இரண்டானது. நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம். டோனாவூர், சுரண்டை, இடையன்குடி எல்லாம் திருநெல்வேலி. உங்கள் சபை எதில் இருக்கிறதோ அங்கேதான் பிற்பாடு விண்ணப்பிக்க வேண்டும். படிக்கப் போன ஊரை வைத்து இது மாறாது.

படிப்புப் பாதை ஏறத்தாழ இப்படி. இளங்கலைப் பட்டம் மூன்று வருடம். அப்புறம் சபையின் சிபாரிசு, திருமண்டலத்தின் நேர்காணல். தேர்வானால் இறையியல் கல்லூரியில் பி.டி. என்கிற இறையியல் பட்டப் படிப்பு, பட்டதாரிகளுக்குப் பெரும்பாலும் நான்கு வருடம். பிறகு ஒரு சேகரத்தில் பயிற்சிக் காலம். அதன்பின் டீக்கன் என்கிற உதவி குரு, கடைசியாகக் குருப்பட்டம். பதினெட்டு வயதில் கிளம்புகிறவன் எப்படிப் பார்த்தாலும் இருபத்தாறு, இருபத்தேழில்தான் முழுப் பொறுப்புக்கு வருவான். வீட்டில் இதை முதலிலேயே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். தங்கச்சி கல்யாணம், அப்பாவின் கடன் என்று கணக்குப் போட வேண்டியவர்களுக்கு இந்த வருடக் கணக்கு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கல்லூரி, எந்தப் பாடம்

நம் பக்கத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. பாளையங்கோட்டையில் 1878இல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி இருக்கிறது. இயேசு சபையார் 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்குச் சாராள் தக்கர் கல்லூரி. சாராள் தக்கர் என்ற அந்த அம்மையார் இங்கிலாந்தில் உடல் நலிவோடு வாழ்ந்தவர். இந்த மண்ணில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. நம் பெண்கள் படிக்க வேண்டுமென்று அவர் கொண்டிருந்த ஆசைக்காக, அவர் இறந்தபின் தோழியர் பணம் சேர்த்து அனுப்பி, அதில் வளர்ந்தது அந்த நிறுவனம். அங்கே படிக்கப்போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சாயர்புரத்தில் போப் கல்லூரி, நாசரேத்தில் மர்காஷிஸ் கல்லூரி, தூத்துக்குடியில் பெண்களுக்குத் தூய மரியன்னை கல்லூரி என்று வரிசை நீளும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். விடுதியில் தங்க முடிகிற கல்லூரியாகப் பாருங்கள். தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்குப் பாடம் மட்டும்தான் கிடைக்கும். ஊழியத்துக்கு வேண்டியதில் பாதி சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பாடத்தில், ஊழியத்துக்குப் போகிறவன் வரலாறுதான் படிக்க வேண்டும், ஆங்கிலம்தான் படிக்க வேண்டும் என்றெல்லாம் சட்டமில்லை. பிடித்ததை, அரியர் இல்லாமல் முடிக்கக்கூடியதை எடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டைச் சொல்வேன். ஒன்று தமிழ் இலக்கியம். வாரந்தோறும் நூறு பேர் முன்னால் நின்று பேசப் போகிறவனுக்கு அதைவிட உதவும் படிப்பு இல்லை. இலக்கணம் ஒழுங்காகப் படித்தவனுக்குப் பிற்பாடு கிரேக்கத்தின் வேற்றுமை உருபுகளைக் கண்டு பயமும் வராது. இடையன்குடியில் ஐம்பது வருடம் போல ஊழியம் செய்த கால்டுவெல்தான் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். மொழிப் படிப்பும் சபை வேலையும் இந்த மண்ணில் சேர்ந்தே நடந்திருக்கின்றன. இன்னொன்று வணிகவியல். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அட்மிஷனுக்குப் போகும்போது ஞானஸ்நானச் சான்றும் குருவானவர் கடிதமும் கொண்டுபோங்கள். சபை நடத்தும் கல்லூரிகளில் கேட்பார்கள். அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று விசாரித்துவிடுங்கள். ஒரே பாடத்துக்குக் கட்டணம் நிறையவே வித்தியாசப்படும்.

விடுதியில் யாரோடு தங்குகிறீர்கள்

நெல்லைச் சீமையில் ஊழியம் செய்யப் போகிறவர் சாதியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. 2023இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கையில் கட்டுகிற கலர் கயிறு எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். சபைக்குள்ளும் இது இல்லாமல் இல்லை. பல ஊர்களில் ஒரே சாதியார் மட்டுமே இருக்கிற சபைகள் உண்டு. கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை பார்த்த ஊர்கள் இருந்திருக்கின்றன.

ஆகவே முதல் செமஸ்டரிலேயே ஒன்று செய்யுங்கள். அறை ஒதுக்கும்போது சொந்த ஊர்க்காரனைத் தேடிப் போகாதீர்கள். வார்டன் போடுகிற அறைக்குப் போங்கள். ரூம்மேட் வேறு சாதியாகவோ வேறு மதமாகவோ இருந்தால் மாற்றிக் கேட்காதீர்கள். அவன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் போய் அவன் அம்மா கையால் சாப்பிட்டு வாருங்கள். சபையார் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற உங்கள் ஊர் அசனப் பண்டிகைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டிக்கொண்டு போகும்போது உங்கள் தெருவில் யாராவது "தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அந்தக் கேள்வி எதற்கென்று உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த இடத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் ஊழியம் தொடங்குகிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். இதைப் பாடமாக எந்த இறையியல் கல்லூரியும் நடத்தலாம். வாழ்ந்து பழக விடுதிதான் இடம்.

சாப்பல், ஐக்கியக் கூட்டங்கள்

கிறிஸ்தவக் கல்லூரிகளில் சாப்பல் ஆராதனை, கிறிஸ்தவ மாணவர்களுக்கு வேதபாட வகுப்பு, மற்றவர்களுக்கு அறநெறி வகுப்பு என்று இருக்கும். மாணவர் அமைப்புகளில் எஸ்.சி.எம். என்கிற மாணவர் கிறிஸ்தவ இயக்கம் ஒன்று, இ.யூ. என்று சுருக்கமாகச் சொல்லும் நற்செய்தி ஐக்கியம் இன்னொன்று. முதலாவது சமூக நீதி, சபை ஒற்றுமை பற்றி அதிகம் பேசும். இரண்டாவது தனி ஜெபம், வேத தியானம், சாட்சி என்று போகும். முதல் வருடம் இரண்டுக்கும் போய்ப் பாருங்கள். ஒன்றில் சேர்ந்துகொண்டு மற்றதைக் குறை சொல்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். நாளைக்கு உங்கள் சேகரத்தில் இரண்டு விதமானவர்களும் இருப்பார்கள்.

சாப்பலில் வேதபாடம் வாசிக்க ஆள் கேட்டால் கையைத் தூக்குங்கள். பிரசங்கம் செய்ய இருபது வயதில் அவசரம் வேண்டாம். வாசிக்க முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. பவுலின் நிருபங்களில் ஒரு வாக்கியம் மூன்று நான்கு வசனம் வரை நீளும். வினைமுற்று கடைசியில்தான் வரும். எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் வாசித்தால் கேட்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. முந்தின நாள் ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் மூன்று தடவை வாய்விட்டு வாசியுங்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு கோடு போடுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள்.

இதற்கு இன்னொரு நல்ல பயிற்சி இருக்கிறது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பாளையங்கோட்டையின் பார்வையற்றோர் பள்ளி பழைமையானது, அங்கிருந்தும் வருவார்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகம் வாசித்துக் காட்டவும், தேர்வில் சொல்லச் சொல்ல எழுதவும் ஆள் தேவை. ஒரு வருடம் அப்படி வாசித்துக் காட்டியவன் குரலில் ஒரு நிதானம் வந்துவிடும். எழுத்தை விழுங்க மாட்டான். கேட்கிறவன் முகத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்துகொள்வான்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி

பாளையங்கோட்டையில் படிக்கிறவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு இந்த மாவட்டம் மட்டுமல்லாமல் சுற்றுப்பட்ட மாவட்டத்து ஏழை ஜனங்களும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்வையாளர் நேரத்தில், கல்லூரிப் போதகரிடம் சொல்லிவிட்டு இரண்டு பேராகப் போங்கள்.

கையில் துண்டுப் பிரசுரக் கட்டோடு போகாதீர்கள். வார்டுக்குள் நுழைந்ததும் யாருக்கு என்ன தேவை என்று பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, கையில் ஸ்கேன் சீட்டோடு எந்தக் கட்டடம் என்று தெரியாமல் நிற்பார். கணவனுக்குத் துணையாக இருக்கும் ஒரு அம்மா காலையிலிருந்து காபிகூடக் குடிக்காமல் இருப்பார், கட்டிலை விட்டு நகர்ந்தால் டாக்டர் வந்துவிடுவாரோ என்று பயம். ஒருவருக்கு ரத்தம் தேவைப்படும். இன்னொருவருக்கு போன் சார்ஜ் இல்லாமல் வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாது. இதையெல்லாம் செய்யுங்கள். செய்துவிட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், ஸ்டூலில் உட்காருங்கள். "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், "சரிம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். சரி என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல், அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார், சத்தம் போடாதீர்கள்.

இரண்டு வருடம் இதைச் செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் நோயாளி வீட்டுக்குப் போக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடை விடுமுறை: ஒரு கிராமச் சபையில்

மே மாதம் எல்லோரும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப் போவார்கள். போங்கள், நல்லதுதான். அதைவிட ஒரு படி மேலே போய், ஒரு மாதமாவது உங்கள் சொந்த ஊர் அல்லாத வேறொரு கிராமத்தில் சபை ஊழியர் ஒருவரோடு தங்கியிருங்கள். உங்கள் சேகர குருவானவரிடம் கேட்டால் ஏற்பாடு செய்து தருவார். செம்மணல் தேரிக்காட்டு ஊரோ, சுரண்டை பக்கத்து மானாவாரி ஊரோ, எதுவாக இருந்தாலும் சரி.

அங்கே பிரசங்கம் செய்யக் கேட்காதீர்கள். அவர் பின்னாலேயே நடங்கள். முக்கியமாக ஒரு துக்க வீட்டுக்கு அவரோடு போக நேர்ந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய், வாசல் பெஞ்சில் வெறுமனே உட்காருவார். முதல் பத்து நிமிடம் எதுவும் பேச மாட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்பார், "பம்பாய்க்குத் தகவல் சொல்லியாச்சா? பெரியவன் எப்போ வந்து சேருவான்?" அந்தப் பதிலை வைத்துத்தான் அடக்க நேரம் முடிவாகும். வெளிநாட்டிலிருந்து மகன் வர வேண்டுமென்றால் ஃப்ரீசர் பெட்டிக்கு ஆள் அனுப்புவார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயிற்பிள்ளையை எழுப்பித் துக்க மணி அடிக்கச் சொல்வார். குழி வெட்ட ஆள் சொல்வார், சொந்தக்காரர் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். குருவானவருக்குப் போன் போடுவார். பாட்டுக்குப் பாமாலையில் எது, கீர்த்தனையில் எது என்று வீட்டாரிடம் கேட்பார். இறந்தவருக்குப் பிடித்த பாட்டு ஒன்று எப்போதும் இருக்கும்.

இதற்கிடையில் சில ஊர்களில் ஒரு பிரச்சினை வரும். இறந்துபோன அந்த வீட்டுக்காரர், சபைக்கு வருடந்தோறும் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கையை இரண்டு மூன்று வருடமாகக் கட்டாமல் இருந்திருப்பார். சபை மன்றத்தில் யாராவது ஒருவர் அதைக் கிளப்புவார். நல்ல சபை ஊழியர் அந்தப் பேச்சைத் துக்க வீட்டு முற்றத்துக்கு வரவிட மாட்டார். கிளப்பினவரைக் கோயில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணாச்சி, அதை அடுத்த மாசக் கூட்டத்தில் பேசிக்கிடலாம், இப்போ நடக்க வேண்டியது நடக்கட்டும்" என்று தோளில் கைபோட்டுச் சொல்லி முடித்துவிடுவார். விதவையின் காதுக்கு அது கடைசி வரை போகாது. ஊழியம் என்று நான் சொல்வது இதைத்தான். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

கணக்கு

வணிகவியலைப் பரிந்துரைத்ததற்குக் காரணம் அசனம். பண்டிகைக்கு யார் எத்தனை ஆடு கொடுத்தார்கள், எத்தனை மூடை அரிசி வந்தது, காய்கறிக்கு என்ன ஆனது, சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த நன்கொடை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, இதெல்லாம் சபையில் வாசிக்கப்படும். ஒரு மூடை அரிசி கணக்கில் விட்டுப்போனால் அந்த வருடம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். அப்புறம் ஆலயக் கட்டுமான நிதி, பள்ளிக்கூடச் சுவர், ஹார்வெஸ்ட் என்கிற அறுப்புப் பண்டிகை ஏலம் என்று குருவானவர் கையில் பணம் புரண்டுகொண்டே இருக்கும். நேர்மையாக இருந்தும் கணக்கு எழுதத் தெரியாததால் பெயர் கெட்டுப்போன ஊழியர்கள் உண்டு. வணிகவியல் படிக்காவிட்டாலும் விடுதி மெஸ் கமிட்டியில் ஒரு வருடம் பொறுப்பு எடுங்கள். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்தப் பணத்தையும் மெஸ் பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஜிபே காலத்தில் இது இன்னும் முக்கியம், சபைப் பணம் ஊழியரின் சொந்த நம்பருக்கு வரக் கூடாது.

அழைப்பைச் சோதித்துப் பார்ப்பது

இரண்டாம் வருட முடிவில் ஒருநாள் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அம்மா பிரசவத்தில் கஷ்டப்பட்டபோது செய்த பொருத்தனையா, அதாவது நேர்ச்சையா? தாத்தா குருவானவர் என்பதாலா? ஒரு கூட்டத்தில் அழுதுகொண்டே கையைத் தூக்கியதாலா? எதுவும் தவறில்லை. அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் இருபது வயதில் அது உங்கள் சொந்த எண்ணமாக மாறியிருக்க வேண்டும். அங்கியும் மரியாதையும் குருவானவர் குடியிருக்கும் குருமனையும் மனதில் பெரிதாக நிற்கிறதா, ஆஸ்பத்திரி வார்டும் துக்க வீடும் நிற்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பேரிடம் பேசுங்கள். கல்லூரிப் போதகர் ஒருவர். ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர், முடிந்தால் அவர் மனைவியிடமும் பேசுங்கள், குருமனை வாழ்க்கை எப்படி என்று அவர்தான் சரியாகச் சொல்வார். மூன்றாவது, உங்களை நன்றாகத் தெரிந்த, கோயிலுக்கு வராத ஒரு நண்பன். "நான் ஐயராகப் போனால் ஒத்துவருமா?" என்று அவனிடம் கேளுங்கள். உங்கள் கோபத்தையும் சோம்பலையும் பார்த்தவன் அவன். எங்கேயாவது மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டி வந்தால், அந்தப் பேச்சையும் முதலில் அவனிடமே சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் முழிக்கிறானோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. திருமண்டலத் தேர்தல் காலத்தில் வாலிபர்களைக் கோஷ்டிக்கு இழுப்பார்கள். "நம்ம ஆள் வந்தால் உனக்கு சீட் உறுதி" என்பார்கள். போகாதீர்கள். அப்படி உள்ளே போகிறவன் வாழ்நாள் முழுக்க யாருக்காவது கடன்பட்டே இருப்பான்.

விண்ணப்பம்

நடைமுறை திருமண்டலத்துக்குத் திருமண்டலம், வருடத்துக்கு வருடம் மாறும். அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றுகள், சேகரக் கமிட்டியின் சிபாரிசு, பட்டச் சான்று, மருத்துவச் சான்று கேட்பார்கள். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் இருக்கும். சபைப் பதிவேட்டில் பெயரின் எழுத்து பள்ளிச் சான்றோடு ஒத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பதிவேட்டில் சாமுவேல், டி.சி.யில் சாமுவேல்ராஜ் என்று இருந்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டும்.

இறையியல் கல்லூரியைப் பெரும்பாலும் திருமண்டலமே முடிவு செய்யும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் உருவானது. நாசரேத் பக்கத்துத் திருமறையூரில் நடந்துவந்த இறையியல் கல்லூரியும் அதில் இணைந்தது. படிப்பின் நடுவில் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, குடிசைப் பகுதியிலோ கிராமத்திலோ தங்கி வாழ்ந்து படிக்கும் முறை அங்கே உண்டு. விடுதியிலும் கிராமச் சபையிலும் பழகியவர்களுக்கு அது கஷ்டமாக இருக்காது. சென்னையில் குருக்குல், பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவையும், இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்தவை. நீங்களாகவே சொந்தச் செலவில் ஒரு வேதாகமக் கல்லூரியில் சேர்வதாக இருந்தால், அது செராம்பூர் செனட்டின் அங்கீகாரம் பெற்றதா, ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று கடிதத்தை வாங்கிப் பாருங்கள். ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறோம் என்கிற இடங்களுக்குப் போகவே போகாதீர்கள். உங்கள் திருமண்டலம் அந்தப் படிப்பை ஏற்குமா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு: தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013இல் ஒரு பெண் பேராயரும் வந்தார். இடம் எத்தனை, வாய்ப்பு எப்படி என்பது திருமண்டலத்தைப் பொறுத்தது, ஆகவே தயங்காமல் நேரில் போய்க் கேளுங்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று வீட்டிலோ சபையிலோ சொன்னால், டோனாவூரிலும் பாளையங்கோட்டையிலும் ஊழியங்களைத் தொடங்கி நடத்தியவர்களில் பெண்களும் உண்டு என்று சொல்லுங்கள். மிஷனரியான ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் டோனாவூருக்கு வந்தார்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பாதை வேறு. பங்குத்தந்தையிடம் பேசி, மறைமாவட்டமோ துறவற சபையோ நடத்தும் இறையழைத்தல் முகாமுக்குப் போய், குருமடத்தில் சேர வேண்டும். வருடங்கள் இன்னும் கூடுதல், துறவு வாழ்க்கையும் சேர்ந்தது. ஹைகிரவுண்ட், விடுதி, கணக்கு பற்றி மேலே சொன்னது அவர்களுக்கும் பொருந்தும்.

தேர்வாகாவிட்டால்

விண்ணப்பிக்கிற எல்லோரையும் எடுக்க மாட்டார்கள். முதல் தடவை கிடைக்காமல் போனால் வீட்டுக்குள் முடங்காதீர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியாவைப் பாருங்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், பட்டம் கைக்கு வரவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலராக வேலையில் சேர்ந்தார். கல்லூரி மாணவர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார். 1903இல் இந்திய மிஷனரி சங்கம் திருநெல்வேலியில் தொடங்கியபோது முன்னால் நின்றவர்களில் அவர் முக்கியமானவர். நம் ஜனங்களின் காசில், நம் ஆட்களையே தெலுங்கு நாட்டுக்கு அனுப்பியது அந்தச் சங்கம். அவர் குருப்பட்டம் பெற்றது 1909இல். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். குருப்பட்டத்துக்கு முன் பதினாலு வருடம் அவர் செய்ததும் ஊழியம்தான்.

ஆகவே காத்திருக்கும் வருடத்தில் வேலைக்குப் போங்கள். ஆசிரியராகவோ, பார்வையற்றோர், காது கேளாதோர் பள்ளிகளில் உதவியாளராகவோ, மிஷன் ஆஸ்பத்திரி அலுவலகத்திலோ, வேறு எங்கேயோ. சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்குக் கொடுங்கள், வீட்டுக் கடன் இருந்தால் அதை முதலில் அடையுங்கள். கடனோடு இறையியல் படிக்கப் போனால் மனம் படிப்பில் நிற்காது. ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். செராம்பூர் செனட் வேலை பார்க்கிறவர்களுக்கென்று அஞ்சல் வழியில் கிறிஸ்தவ இயல் டிப்ளமோவும் பட்டமும் நடத்துகிறது, அதில் சேர்ந்து படியுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது மறுபடி விண்ணப்பியுங்கள். சேகரக் கமிட்டியின் சிபாரிசைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு மாதம் முன்கூட்டியே குருவானவரிடம் சொல்லி வையுங்கள்.